மின்பாதைகளை வானிலிருந்து ஆய்வு செய்யும் முறை

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் மூண்டு 85 பேரின் உயிரைப் பறித்த கேம்ப் தீ, 115 கிலோவோல்ட் மின்பாதைக் கோபுரம் ஒன்றில் ஏறத்தாழ நூறாண்டாகத் தொங்கிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கொக்கியிலிருந்து தொடங்கியது. தான் மாட்டப்பட்டிருந்த துளையோடு உராய்ந்து உராய்ந்து தேய்ந்த அந்தக் கொக்கி முறிந்தபோது, அது தாங்கியிருந்த இன்சுலேட்டர் சரமும் (மின்சாரம் கோபுரத்துக்குப் பாயாமல் தடுக்கும் வட்டுகளின் கோவை) கம்பியும் விழ, கோபுரத்தில் பட்ட மின்பொறி கீழே காய்ந்திருந்த புல்லைப் பற்றவைத்தது. அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பு, 2003 ஆகஸ்ட் 14 அன்று, வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லாமற்போனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மரங்கள். ஒஹாயோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் மின்பாதைகள் மூன்று, தாங்கக்கூடிய வரம்புக்கு உட்பட்ட மின்சுமையையே ஏந்தியிருந்தும், தொய்ந்து கீழே வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன.

இவ்விரண்டு கோளாறுகளும் ஒரே கண்ணுக்குத் தெரியக்கூடியவை அல்ல. கொக்கியின் தேய்மானத்தைக் காண, சரியான கோணத்திலிருந்து மில்லிமீட்டர் அளவில் விவரம் காட்டும் படம் வேண்டும். மரத்துக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அறிய, படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் போதாது. அளவீடு வேண்டும், அதுவும் கம்பி மிகவும் சூடேறித் தொய்யும் வேளைக்கான கணக்கோடு. ஆகவே வான்வழி ஆய்வை மேற்கொள்ளும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இது: ஒரு படத்தில் கோளாறு தென்படவில்லை என்றால், அந்தக் கோளாறு இருந்திருந்தால் இதே தொலைவில், இதே கோணத்தில், இதே மின்சுமையில் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடிந்தால் மட்டுமே 'நலம்' என்று எழுத வேண்டும். இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த உறுதியைப் பெறுவதற்காகவே.

பறப்பதற்கு முன்

ஆய்வு அலுவலகத்தில் தொடங்குகிறது. மின்பாதையின் வயது, கம்பியின் வகை, இன்சுலேட்டர் பீங்கானா கண்ணாடியா பாலிமரா என்ற விவரம், கடந்த சில ஆண்டுகளில் அந்தப் பாதை எத்தனை முறை, எந்தப் பருவத்தில், எந்தத் தொலைவில் தானாகத் துண்டிக்கப்பட்டது என்ற பதிவு, சென்ற ஆய்வில் குறிக்கப்பட்டு இன்னும் சரிசெய்யப்படாத குறைகள் ஆகியவற்றைக் கோபுர எண் வாரியாக ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். இடிமழைக் காலத்தில் அடிக்கடி துண்டிக்கப்படும் பகுதியில், மின்னலைத் தாங்கக் கோபுர உச்சியில் ஓடும் எர்த் வயரின் இழை முறிவையும் இன்சுலேட்டரின் மீது மின்பொறி பாய்ந்த கருகலையும் தேட வேண்டும். கடலோரத்திலும் தொழிற்சாலைப் புகை படியும் இடத்திலும் துருவும் அழுக்குப் படிவும் முதன்மை பெறும். சமவெளியில், தடையின்றிச் சீராகக் காற்று வீசும் நீண்ட இடைவெளிகளில், அதிர்வினால் வரும் சேதமே பெரிய கவலை. இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் 'இங்கே எதைத் தேடுகிறோம்' என்று எழுதி வைத்துக்கொண்டால், எந்தக் கேமரா, எந்த நேரம், எவ்வளவு தொலைவு என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டியலே விடை தந்துவிடும்.

கட்டுப்பாட்டு அறையிடமிருந்து ஆய்வு நாளுக்கான மின்சுமை மதிப்பீட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். பலர் இதைக் கடைசி நிமிடத்தில் கேட்கிறார்கள்; உறுப்புகளின் சூட்டைக் காட்டும் வெப்பப்பட ஆய்வுக்கு இது இல்லாமல் நாளைக் குறிப்பதே தவறு. அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கும் பிற மின்பாதைகள், தொலைபேசிக் கோபுரங்கள், கோபுரங்களைச் சாயாமல் பிடிக்கும் இறுக்குக் கம்பிகள், விமானத் தளங்கள், தடைசெய்யப்பட்ட வான்பகுதிகள் ஆகியவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் உரிய அனுமதியைப் பெற்ற பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

வானூர்தியைத் தேர்ந்தெடுத்தல்

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் பாதையில் பொதுவான நிலையையும் மரங்களின் நெருக்கத்தையும் குறுகிய காலத்தில் அறிய ஹெலிகாப்டர் ஏற்றது. லேசரால் தொலைவை அளக்கும் கனமான லைடார் கருவியையும் அதிர்வு தணித்த கேமராவையும் ஒருசேரத் தூக்கிச் செல்ல அதனால் முடியும். ஒரு கோபுரத்தைச் சுற்றி நின்று, கொக்கி, ஆணி, கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் என்று உறுப்பு உறுப்பாகப் பார்க்கப் பல சுழலிகள் கொண்ட ட்ரோனே சிறந்தது. இறக்கை நிலையாக உள்ள ட்ரோன்கள் நீண்ட தொலைவு பறக்கும், ஆனால் ஓரிடத்தில் நிற்காது என்பதால் மரங்களையும் நில ஆக்கிரமிப்பையும் வரைபடமாக்குவதற்கே பயன்படுகின்றன. ஒரே ஊர்தியால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்ற திட்டம் செலவைக் குறைப்பது போலத் தோன்றும். நடைமுறையில் பாதி உறுப்புகள் சரியாகப் பார்க்கப்படாமல் விடுபடும்.

கம்பிக்கு அருகில் பறக்கும்போது

கம்பியை மோதுவதே இந்தப் பணியின் முதல் ஆபத்து. கோபுரத்தின் உச்சியில் ஓடும் எர்த் வயர் பெரும்பாலும் ஒரு விரல் தடிப்புக்கும் குறைவாகவே இருக்கும்; வானத்தின் பின்னணியிலும் புதர்க்காட்டின் பின்னணியிலும் கண்ணுக்கு மறைந்துவிடும். எனவே மின்பாதையைக் கடக்க வேண்டிய போதெல்லாம் கோபுரத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும் என்பது ஹெலிகாப்டர் ஓட்டுநர்களிடையே நிலைபெற்ற விதி. கோபுரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், அதைவிட உயரத்தில் அந்தப் பாதையின் கம்பி எதுவும் இருக்காது. இரு கோபுரங்களுக்கு நடுவிலோ கம்பிகளுக்கு அடியிலோ கடப்பதை எந்த அவசரத்திலும் ஏற்கக் கூடாது.

காற்று மின்பாதையிலிருந்து ஊர்தியை நோக்கி வீசும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இயந்திரம் தடுமாறினாலும் கட்டுப்பாட்டுத் தொடர்பு அறுந்தாலும் காற்று ஊர்தியைக் கம்பியிடமிருந்து விலக்கித் தள்ளும். காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றால் அதே காற்று கம்பியின் மேல் கொண்டு சேர்க்கும்.

ட்ரோனைப் பொறுத்தவரை வேறு சில நுட்பமான அபாயங்கள் உண்டு. இரும்புக் கோபுரமும் கம்பியில் பாயும் மின்னோட்டமும் திசைகாட்டியைக் குழப்பும் என்பதால், அதன் அளவொப்பீட்டைக் கோபுரத்திலிருந்து தள்ளி நின்று செய்ய வேண்டும். இரண்டு ஆன்டெனா மூலம் செயற்கைக்கோள் வழியே திசையறியும் ட்ரோன்கள் இங்கே பெரிதும் கைகொடுக்கும். தடை உணரும் கருவி மரத்தையும் சுவரையும் கண்டுகொள்ளும், ஆனால் மெல்லிய கம்பியை உணரத் தவறலாம்; அதை நம்பி நெருங்கக் கூடாது. தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்பிவரும் வசதி உயிர்காக்கும் வசதிதான் என்றாலும், திரும்பும் பாதையில் மின்பாதை குறுக்கிட்டால் அதுவே விபத்துக்குக் காரணமாகும். ட்ரோன் புறப்படும் இடமும் ஆய்வு செய்யும் பக்கமும் மின்பாதையின் ஒரே பக்கத்தில் அமைய வேண்டும். திரும்பும் உயரம் எர்த் வயரைவிடப் போதுமான அளவு மேலே இருக்க வேண்டும். மறுபக்கத்தைப் படமெடுக்க வேண்டுமானால் குழு இடம் மாறி, புதிய புறப்பாட்டு இடத்தைப் பதிவு செய்துகொள்வது நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அதைத் தவிர்க்கக் கூடாது.

எவ்வளவு நெருங்கலாம் என்பதை மின்பாதையின் உரிமையாளரே மின்னழுத்தத்துக்கும் ஊர்தியின் வகைக்கும் ஏற்ப வகுத்திருப்பார். நெருக்கமாகப் பறக்கும் நாளில், பாதை துண்டிக்கப்பட்டால் உடனே தானாக மீண்டும் மின்னேற்றும் ஏற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கட்டுப்பாட்டு அறையோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். ட்ரோன் கம்பியிலோ கோபுரத்திலோ சிக்கிக்கொண்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் குழுவினர் அதை எடுக்க முயலக் கூடாது. அதன் அடியில் எவரும் செல்லாமல் தடுத்து, கோபுர எண்ணோடு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் தந்து, மின்சாரம் நிறுத்தப்பட்டுத் தரையிணைப்பு செய்யப்பட்டதை உறுதிசெய்த பணியாளர்களே அதை இறக்க வேண்டும்.

ஒளிப்படம்

கோபுரத்தை எப்போதும் ஒரே வரிசையில் படமெடுக்கப் பழக வேண்டும். முதலில் கோபுர எண் பலகை. பிறகு முழுக் கோபுரம், இரு பக்கங்களிலிருந்து. பிறகு உச்சியில் எர்த் வயர் இணைப்பு. அதன்பின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு குறுக்குக்கையிலும் இன்சுலேட்டர் சரத்தின் கோபுரப் பக்க முனை, சரம் முழுவதும், கம்பிப் பக்க முனை. கடைசியில் ஜம்பர் (கோபுரத்தின் இரு பக்கக் கம்பிகளை இணைக்கும் துண்டு), டேம்பர் (கம்பியின் அதிர்வைத் தணிக்கும் எடைகள்), ஸ்பேசர் (அருகருகே ஓடும் கம்பிகளை இடைவெளி விட்டுப் பிடிப்பது). வரிசை மாறாதிருந்தால், பின்னர் ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிக்கும்போது எந்தப் படம் எந்த ஃபேஸுக்கு (மின்பாதையின் மூன்று கம்பித் தொகுதிகளில் எதற்கு) உரியது என்ற குழப்பம் எழாது. ஒரே மாதிரியான கோபுரங்கள் நூறு நின்றிருக்கும் பாதையில், தவறான கோபுரத்தில் ஆள் ஏறிப் பழுதுபார்க்கத் தொடங்குவது எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

படத்தின் விவர அளவைக் கணக்கிட்டே தொலைவை முடிவு செய்ய வேண்டும். ஒரு பிக்சல் பொருளின் மீது எத்தனை மில்லிமீட்டரைக் குறிக்கிறது என்பது, பொருளின் தொலைவைச் சென்சாரில் உள்ள ஒரு பிக்சலின் அளவால் பெருக்கி, லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைக்கும். 15 மீட்டர் தொலைவு, 4 மைக்ரான் பிக்சல், 75 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.8 மில்லிமீட்டர் ஆகிறது. இன்சுலேட்டர் வட்டுகளையும் அவற்றின் இணைப்புகளையும் கழன்றுவிடாமல் பிடித்து வைப்பவை சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள பூட்டு ஆணிகள். அவற்றில் ஒன்று இல்லாமற்போவது சரம் முழுவதும் அறுந்து விழுவதில் முடியலாம். ஆணி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமின்றிச் சொல்ல வேண்டுமானால், ஒரு பிக்சலுக்கு 1 மில்லிமீட்டர் என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பதே என் கருத்து. அதற்குமேல் போனால் படத்தைப் பார்ப்பவர் கண்டதைச் சொல்லாமல் ஊகித்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

இதே கணக்கு, ஏன் பறந்துகொண்டே நுண்ணிய உறுப்புகளைப் படமெடுக்கக் கூடாது என்பதையும் காட்டுகிறது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நகரும் ஊர்தியிலிருந்து 1/1000 நொடி ஒளியேற்றத்தில் எடுத்தால், அந்த நேரத்துக்குள் ஊர்தி 4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மேற்சொன்ன படத்தில் அது ஐந்து பிக்சல் அளவுக்குக் கலங்கலாகும். ஆணி அந்தக் கலங்கலுக்குள் மறைந்துவிடும். எனவே ஊர்தி நின்று, கேமரா நிலைபெற்ற பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்குமாறு காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் எடுப்பது நல்லது. வெளிச்சமான வானத்தைப் பின்னணியாக வைத்தால் உறுப்புகள் கருநிழலாகிவிடும் என்பதால், சற்று மேலிருந்து கீழ்நோக்கி, நிலம் பின்னணியாக வரும்படி எடுக்க வேண்டும்; ஆயினும் குறுக்குக்கையின் அடியில் தொங்கும் கொக்கியின் தேய்மானம் மேலிருந்து தெரியாது. உராய்வு நிகழும் இடம் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் வளைவின் உள்பக்கம். அதைப் பார்க்க, கொக்கியின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ பக்கவாட்டில் ஒரு படம் தனியாக எடுத்தே ஆக வேண்டும். பழைய மின்பாதைகளில் இந்த ஒரு படத்தை விட்டுவிடுவதைவிடப் பெரிய குறை வேறில்லை என்று கருதுகிறேன்.

இனி, படத்தில் எதைத் தேடுவது? கடினப்படுத்தப்பட்ட கண்ணாடி வட்டு பழுதுபட்டால் அதன் விளிம்பு முழுவதும் நொறுங்கி உதிர்ந்துவிடும். மீதமிருக்கும் உலோகத் தொப்பியும் தண்டும் சரத்தில் ஒரு பல் விழுந்தது போன்ற இடைவெளியாக, தொலைவிலிருந்தே தெரியும். பீங்கான் வட்டு அப்படி உதவாது. வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே துளைபட்டிருக்கலாம். ஒளிப்படத்தில் கண்டுபிடிக்கக்கூடியவை உடைந்த விளிம்பு, மயிரிழை விரிசல், மேற்பூச்சில் கருகிய தடம் ஆகியவை மட்டுமே. பாலிமர் இன்சுலேட்டரில் சிலிக்கான் ரப்பர் உறை கிழிந்து அல்லது அரித்து, உள்ளே உள்ள கண்ணாடியிழைத் தண்டு வெளியே தெரிந்தால் அதை மிகத் தீவிரமாகக் கொள்ள வேண்டும்; ஈரமும் அமிலமும் தண்டைத் தாக்கி, முன்னறிவிப்பின்றி முறியச் செய்யும்.

கம்பியைப் பொறுத்தவரை, வெளி இழைகள் அறுந்து பிரிந்து நிற்பதும் கம்பி பறவைக்கூண்டு போல உப்பியிருப்பதும் தெளிவாகத் தெரிபவை. டேம்பரைப் பார்க்கும்போது அது தன் இடத்தில்தான் உள்ளதா, எடைகள் தொங்கிப் போகாமல் நேராக உள்ளனவா என்று கவனிக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியின் மீது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மென்காற்று சீராக வீசினால், கம்பி நொடிக்கு ஏறத்தாழ 18 முறை அதிர்கிறது. கண்ணுக்கே தெரியாத இந்த அதிர்வு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, கிளாம்பின் வாயருகே இழைகளைச் சோர்வுறச் செய்து முறிக்கிறது. இடம் நகர்ந்த டேம்பர் ஒன்றைக் கண்டால் அதை மட்டும் குறித்துவிட்டு நகராமல், அந்தக் கிளாம்பையும் அடுத்த முனையின் கிளாம்பையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். டேம்பர் எத்தனை காலமாக வேலை செய்யவில்லை என்பது எவருக்கும் தெரியாது.

வெப்பப்படம்

கம்பிகள் இணையும் இடத்தில் மின்தடை கூடினால் அங்கே வெப்பம் கூடும். அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். எனவே மின்சுமை மிகக் குறைவாக உள்ள வேளையில் எடுத்த வெப்பப்படத்தில் மோசமான இணைப்பும் நல்ல இணைப்பும் ஒன்றுபோலவே தோன்றும். பாதையின் முழுத் திறனில் குறைந்தது 40 விழுக்காடாவது மின்சுமை இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது பரவலான நடைமுறை. பாதிச் சுமையில் ஓர் இணைப்பு தன் அருகில் உள்ள கம்பியைவிட 10 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால், முழுச் சுமையில் அந்த வேறுபாடு 30 முதல் 40 டிகிரி வரை செல்லக்கூடும். ஆய்வு நேரத்து மின்னோட்டத்தைப் பதிவு செய்யாத வெப்பப்படத்தால் பயன் மிகக் குறைவு என்பதற்கு இதுவே காரணம்.

காற்று இரண்டாவது மாயை. நொடிக்கு 4 அல்லது 5 மீட்டர் காற்று வெப்ப வேறுபாட்டைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துக் காட்டிவிடும். அன்று பத்து டிகிரி என்று எழுதப்பட்ட இணைப்பு, காற்றில்லாத கோடை மாலையில் முற்றிலும் வேறு எண்ணைத் தரும். வெயில் உலோகத்தைச் சூடாக்குவதால், விடியற்காலையோ மேகமூட்டமான வேளையோ சிறந்தது, அந்நேரத்தில் போதுமான மின்சுமை இருக்குமானால். இந்த இரண்டு தேவைகளும் அடிக்கடி முரண்படும். அப்போது மின்சுமைக்கே முன்னுரிமை தருவது சரி. வெயிலின் தாக்கத்தை மூன்று ஃபேஸ்களையும் ஒப்பிட்டு ஓரளவு பிரித்தறிய முடியும், பாயாத மின்னோட்டத்தின் வெப்பத்தையோ எவ்வகையிலும் காண முடியாது.

வெப்பக் கேமராவின் பிக்சல்கள் ஒளிப்படக் கேமராவைவிட மிகப் பெரியவை என்பதை மறக்கக் கூடாது. 12 மைக்ரான் பிக்சலும் 13 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள கேமராவில், 15 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 14 மில்லிமீட்டரைக் குறிக்கும். நம்பத்தகுந்த வெப்ப அளவுக்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று பிக்சல் தேவை. அதாவது 42 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் கம்பி அந்த அளவை நிரப்பாது. பிக்சலில் கம்பியோடு பின்னணியும் கலந்துவிடுவதால், குளிர்ந்த வானம் பின்னணியாக இருந்தால் உண்மையைவிடக் குறைவான வெப்பமே பதிவாகும். 25 மில்லிமீட்டர் லென்ஸைப் பயன்படுத்தினால் மூன்று பிக்சல் ஏறத்தாழ 22 மில்லிமீட்டராகி, கம்பியின் அகலத்துக்குள் தாராளமாக அடங்கும்.

புத்தம்புது அலுமினியம் மிகக் குறைவாகவே வெப்பக் கதிர்களை உமிழ்கிறது. அதன் உமிழ்திறன் 0.2 முதல் 0.3 அளவில் இருக்கும், பல ஆண்டுகள் வெயிலிலும் மாசிலும் கருத்த கம்பியில் அது 0.7-ஐயும் தாண்டலாம். ஆகவே பழைய கம்பியில் புதிதாகப் பொருத்திய பளபளப்பான இணைப்பு, உண்மையில் சூடாக இருந்தும் படத்தில் குளிர்ந்ததாகத் தோன்றும். கருவி காட்டும் வெப்பநிலையைவிட, ஒரே நிலையில் உள்ள உறுப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டையே நம்ப வேண்டும்: மூன்று ஃபேஸ்களிலும் அதே இணைப்பு எப்படி இருக்கிறது, இணைப்புக்கு அருகில் ஒரு மீட்டர் தள்ளிக் கம்பி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் எளிய அளவுகோல் உண்டு. அழுத்திப் பொருத்திய நல்ல இணைப்பில் உலோகம் கம்பியைவிடத் தடிமனாக இருப்பதால், அது கம்பியைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். இணைப்பும் கம்பியும் ஒரே வெப்பத்தில் இருந்தாலே சீர்கேடு தொடங்கிவிட்டது என்று கொண்டு கண்காணிப்பில் வைக்க வேண்டும். ஒரே வகை உறுப்புகளுக்கு இடையே 15 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டும் என்ற வழக்கமான வரம்பை, காற்று வீசும் திறந்தவெளிக் கம்பிக்கு அப்படியே பொருத்தினால் ஏமாற்றம் நேரும். அன்றைய காற்றையும் மின்சுமையையும் சேர்த்தே அந்த எண்ணை வாசிக்க வேண்டும்.

பாலிமர் இன்சுலேட்டரில் சில டிகிரி வேறுபாடுகூடப் பொருட்படுத்தத்தக்கது. அங்கே மின்னோட்டம் பாயவே கூடாது. வெப்பம் இருந்தால் உள்ளே கசிவு நடக்கிறது என்று பொருள்.

கொரோனா

மின்புலம் செறிந்த கூர்முனைகளில் காற்று அயனியாவதே கொரோனா. அது வெளிவிடும் புற ஊதா ஒளியைக் காட்டும் கேமரா, உயர் மின்னழுத்தப் பாதைகளில் மதிப்புள்ள துணைக்கருவி. இது 240 முதல் 280 நானோமீட்டர் அலைநீளத்தில் பார்க்கிறது. சூரிய ஒளியில் அந்தப் பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் பட்டப்பகலிலும் மின்னிறக்கம் தெளிவாகத் தெரியும். தளர்ந்த உறுப்பு, அறுந்த இழை, அழுக்கேறிய வட்டு, பாலிமர் உறையின் சேதம் ஆகியவற்றை இது சுட்டிக்காட்டும். ஆனால் கேமரா காட்டும் ஒளித்துகள் எண்ணிக்கை தொலைவு, ஈரப்பதம், கருவியின் உணர்திறன் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். மழைக்குப் பின் கம்பியில் தொங்கும் நீர்த்துளிகளில் தோன்றும் கொரோனா இயல்பானது. எனவே எண்ணை வைத்துத் தீவிரத்தை முடிவு செய்யாமல், ஒளி எந்த உறுப்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

தொய்வும் மரங்களும்

லைடார் கருவி லேசர் துடிப்புகளை அனுப்பி, நிலம், மரம், கட்டடம், கம்பி ஆகியவற்றின் இருப்பிடத்தைப் புள்ளிகளின் திரளாகத் தருகிறது. அந்தத் திரளிலிருந்து கம்பிக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிவிடுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது அந்த வேளையின் இடைவெளி மட்டுமே. இரு கோபுரங்களுக்கு இடையே 350 மீட்டர் தொலைவும் 8 மீட்டர் தொய்வும் உள்ள அலுமினிய எஃகுக் கம்பி ஒன்று, 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் மேலும் தாழும். குளிர்ந்த காலையில் குறைந்த மின்சுமையில் அளந்த போதுமான இடைவெளி, வெப்பமான நாளின் உச்சச் சுமையில் இல்லாமற்போகும். 2003-இல் கம்பிகள் மரங்களைத் தொட்டது இவ்வாறுதான்.

ஆகவே பறக்கும் நேரத்தில் கம்பியில் பாய்ந்த மின்னோட்டம், காற்றின் வெப்பநிலை, காற்றின் வேகம், வெயிலின் அளவு ஆகியவற்றைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். அவற்றிலிருந்து அந்நேரத்துக் கம்பி வெப்பநிலையைக் கணித்து, புள்ளித்திரளில் உள்ள கம்பியின் வளைவோடு பொருத்தி, அதன்பின் பாதையின் அதிகபட்ச அனுமதி வெப்பநிலையில் கம்பி எங்கே இருக்கும் என்றும், பலத்த காற்றில் பக்கவாட்டில் எவ்வளவு ஊசலாடும் என்றும் கணக்கிட வேண்டும். இடைவெளியை அந்த நிலையிலிருந்தே அளக்க வேண்டும். அதோடு, அடுத்த வெட்டும் பருவம் வரை அந்த மர இனம் எவ்வளவு வளரும் என்பதையும் கழிக்க வேண்டும். பாதைக்கு வெளியே நின்றாலும் விழுந்தால் கம்பியை எட்டும் உயரமுள்ள மரங்களைத் தனியாகப் பட்டியலிட்டு, அவற்றில் பட்டுப்போனவையும் சாய்ந்தவையும் எவை என்று ஒளிப்படத்தின் துணையோடு பிரிக்க வேண்டும். மரத்தை வெட்டுவது எளிதில் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. துல்லியமான கணக்கு, வெட்ட வேண்டாத மரங்களையும் காப்பாற்றுகிறது.

வானிலிருந்து தெரியாதவை

கிளாம்புக்குள் மறைந்த இழை முறிவு, பீங்கானின் உட்துளை, கம்பியின் உள்ளே உள்ள எஃகு இழையின் துரு, மண்ணுக்குள் உள்ள அடித்தளத்தின் அரிப்பு, மரக்கம்பத்தின் அடியில் நடக்கும் உளுத்தல், தரையிணைப்பின் மின்தடை ஆகியவை வான்வழி ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்பவை. கோபுரத்தின் கீழ்ப்பகுதிச் சட்டங்கள் களவாடப்பட்டிருப்பது மேலிருந்து தெரியலாம், புதர் மூடியிருந்தால் தெரியாது. அறிக்கையில் இவற்றை 'ஆய்வு செய்யப்படவில்லை' என்று வெளிப்படையாக எழுதி, தரைவழிக் குழுவுக்கு ஒப்படைக்க வேண்டும். வெற்றிடமாக விடப்பட்ட கட்டம் 'குறையில்லை' என்று படிக்கப்படும்.

படத்திலிருந்து பழுதுபார்ப்பு வரை

படங்களை அதே நாளில் கோபுர எண், சர்க்யூட், ஃபேஸ், உறுப்பு என்ற வரிசையில் பெயரிட்டு, கலங்கியவை இருந்தால் குழு களத்தில் இருக்கும்போதே மீண்டும் எடுக்க வேண்டும். படங்களைத் தானாக அலசும் மென்பொருள்கள் உடைந்த வட்டுகளையும் பறவைக் கூடுகளையும் விரைவாகப் பிரித்துத் தருகின்றன. அவற்றைப் பயன்படுத்துவது நல்லதே. ஆனால் ஆணி இல்லாமற்போவது போன்ற அரிதான குறைகளுக்குப் பயிற்சிப் படங்களே குறைவு என்பதால், அங்கே மென்பொருள் கண்டுகொள்ளாமல் விடும் வாய்ப்பு கூடுதல். மென்பொருள் 'நலம்' என்று ஒதுக்கிய படங்களில் ஒரு பகுதியை, அந்த முடிவை அறியாத அனுபவமிக்க மின்பாதைப் பணியாளர் ஒருவர் தனியாகப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். கம்பத்தில் ஏறிப் பழகிய கண் நிழலையும் துருவையும் வேறுபடுத்துவதுபோல் மேசையில் மட்டுமே படம் பார்த்த கண் எளிதில் வேறுபடுத்துவதில்லை.

குறைகளை மூன்று நிலைகளாகப் பிரிப்பது போதும். கம்பி விழவோ தீப்பற்றவோ கூடியவற்றை அறிக்கைக்காகக் காத்திராமல், கண்ட நிமிடத்திலேயே தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும்: அறுந்துகொண்டிருக்கும் இழைகள், பெருமளவு தேய்ந்த கொக்கி, காணாமற்போன ஆணி, வெளியே தெரியும் பாலிமர் தண்டு, கம்பியை நெருங்கிவிட்ட கிளை ஆகியவை இவ்வகை. அடுத்த திட்டமிட்ட மின்நிறுத்தத்தில் சரிசெய்யத்தக்கவை இரண்டாவது நிலை. கண்காணிக்க வேண்டியவை மூன்றாவது. இவற்றுக்கு அடுத்து எப்போது, எந்தக் கோணத்திலிருந்து, எந்த மின்சுமையில் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் 'கண்காணிப்பு' என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

பழுதுபார்த்த பின் அதே இடத்துக்கு மீண்டும் பறந்து, முதலில் எடுத்த அதே தொலைவிலும் கோணத்திலும் ஒரு படம் எடுத்துப் பழைய படத்தோடு இணைத்துக் கோப்பில் வைக்க வேண்டும். இணைப்பு மாற்றப்பட்டிருந்தால், மின்சுமை மீண்டும் உயர்ந்த நாளில் வெப்பப்படமும் எடுக்க வேண்டும். சரியாக அழுத்தப்படாத புதிய இணைப்பு பழையதைவிட விரைவில் சூடேறும். அந்தப் படமும் மின்னோட்டப் பதிவும் கோப்பில் சேர்ந்த பிறகே அந்தக் குறையின் பதிவை முடிக்க வேண்டும்.